கலாம் என்ற அரசு ஊழியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15, அதாவது கலாம் பிறந்தநாள் அன்று பேச்சுப் போட்டி வைப்பார்கள், என்னை நடுவராக உட்காரவைப்பார்கள். இருபது பேர் பேசினால் இருபது பேரும் ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து, பேப்பர் போட்ட சிறுவனைத் தொட்டு, அப்படியே ஒரே தாவலில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போய்விடுவார்கள். நடுவில் 43 வருடம் அந்த மனிதர் அரசாங்க வேலை பார்த்தார், கோப்பு எழுதினார், பட்ஜெட் கேட்டார், திட்டு வாங்கினார் என்பது யார் பேச்சிலும் வராது. போட்டி முடிந்து டீ குடிக்கும்போதுதான் பிள்ளைகள் உண்மையான கேள்விகளைக் கேட்பார்கள். அவற்றையும் பெற்றோர் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கலாம் விஞ்ஞானியா, இன்ஜினியரா?

இன்ஜினியர். பதவிப் பெயரில் ‘விஞ்ஞானி’ என்று இருக்கும், ஏனென்றால் டிஆர்டிஓவில் (பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம்) ஆய்வுப் பணியில் சேருகிற எல்லோருக்குமே ‘சயின்டிஸ்ட்’ என்றுதான் பெயர். ஆனால் அவர் செய்தது புது இயற்பியல் கண்டுபிடிப்பு கிடையாது. ஏற்கெனவே தெரிந்த அறிவியலை வைத்து, வேலை செய்கிற ஒரு பொருளை, கொடுத்த பணத்துக்குள் கட்டி முடிப்பதுதான் அவர் தொழில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகுதான் தனக்குப் பிடித்தது இன்ஜினியரிங் என்று உறைத்து, குரோம்பேட்டை எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) விமானப் பொறியியலில் சேர்ந்தார். சேருவதற்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

டாக்டர் கலாம் என்கிறோமே, எதில் பிஎச்.டி.?

எதிலும் இல்லை. அவை எல்லாம் பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் கொடுத்த கௌரவ டாக்டர் பட்டங்கள். இன்னொரு விஷயம், அந்தக் காலத்து எம்ஐடி கொடுத்ததே டிப்ளமோதான். பி.எஸ்சி. முடித்தவர்கள் மூன்று வருடம் படித்து வாங்குகிற டிப்ளமோ. நாட்டின் ஏவுகணைத் திட்டத்தை நடத்தியவரின் தொழில்நுட்பப் படிப்பு அவ்வளவுதான் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு மேற்படிப்பே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள், அது 1950கள்.

முதல் வேலை என்ன? சம்பளம்?

1958-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்த தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் உற்பத்தி இயக்குநரகத்தில், விமானப் பிரிவில், சீனியர் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட். அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். பதவியின் பெயரை மறுபடி படித்துப் பாருங்கள், ‘அசிஸ்டென்ட்’. பின்னாளில் அந்தத் துறைக்கே செயலாளர் ஆனவர் உள்ளே நுழைந்தது உதவியாளராக.

அதே நேரத்தில் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்கும் போயிருந்தார். எட்டு இடம் இருந்தது, இவர் ஒன்பதாவது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

அங்கே என்ன செய்தார்?

கொஞ்ச காலத்தில் பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய ஏரோநாட்டிகல் டெவலப்மென்ட் எஸ்டாப்ளிஷ்மென்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து ‘நந்தி’ என்று ஒரு ஹோவர்கிராஃப்ட் செய்தார். காற்று மெத்தையின் மேல் தரையைத் தொடாமல் போகும் வண்டி. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் வந்து, அதில் ஏறி, கலாமே ஓட்ட, ஒரு சுற்று போய்வந்தார். அமைச்சருக்கு அதில் ரொம்ப ஆர்வம். 1962 சீனப் போரின்போது மேனனின் பதவி போனது, நந்தியும் அப்படியே நின்றுபோனது.

வண்டி பறந்தது, யாரும் அதைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் திட்டம் செத்துப்போனது. ராணுவத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை, ஒரு அமைச்சரின் ஆர்வம்தான் அதன் ஒரே ஆதரவு. இருபது வருடம் கழித்து ஏவுகணைத் திட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது கலாம் செய்ததைப் பார்த்தால், நந்தி அவர் மனதில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கீழே வருகிறேன்.

இஸ்ரோவும் டிஆர்டிஓவும் ஒன்றா? அவர் எதில் இருந்தார்?

ஒன்று இல்லை. இஸ்ரோ விண்வெளித் துறையின் கீழ், டிஆர்டிஓ பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். டிஆர்டிஓ 1958-ல் அமைந்தது, இஸ்ரோ 1969-ல். கலாம் முதலில் பாதுகாப்புத் துறையில் இருந்தார், 1962-ல் விண்வெளிப் பக்கம் போனார், 1982-ல் மறுபடி பாதுகாப்புக்கே வந்தார். விண்வெளியில் கற்றதைக் கையோடு கொண்டுவந்தார் என்பதுதான் முக்கியம். 1989-ல் பறந்த அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு, இஸ்ரோவின் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் அடுக்குதான். இரண்டாவது அடுக்குக்கு பிருத்வி ஏவுகணையின் திரவ எரிபொருள் இன்ஜின். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு.

1979-ல் ராக்கெட் கடலில் விழுந்ததே, அது அவர் தவறா?

இதைக் கேட்கிற பிள்ளைக்கு நான் எப்போதும் இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட ஆசைப்படுவேன்.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்எல்வி-3, 17 டன் எடை, திட்ட இயக்குநர் கலாம். கடைசி நிமிடங்களில் கணினி நிறுத்தச் சொல்கிறது, இரண்டாவது அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கசிவு. பக்கத்தில் இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கையிருப்பு போதும், போகலாம் என்கிறார்கள். கலாம் கணினியைத் தாண்டி ஏவச் சொல்கிறார். முதல் அடுக்கு அருமையாகப் போனது. இரண்டாவது அடுக்கு கட்டுப்பாடு இழந்து சுழன்றது. ஏவியதிலிருந்து 317 வினாடியில், 560 கிலோமீட்டர் தள்ளி, வங்காள விரிகுடாவில் மொத்தமும் போய்விட்டது.

அப்புறம் விசாரித்தபோது தெரிந்தது இதுதான். ஒரு வால்வில் தூசி. அதனால் வால்வு சரியாக மூடவில்லை, ஏவுவதற்கு முன்பே நைட்ரிக் அமிலம் கசிந்து காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டாவது அடுக்கு வேலை செய்ய வேண்டிய நேரத்தில் திசை திருப்ப அமிலம் இல்லை. பல வருட உழைப்பு ஒரு தூசியில் போனது.

ஆக, தவறு அவருடையதா? முடிவு அவருடையது, ஆகையால் பொறுப்பு அவருடையது. அவரே பிற்பாடு மேடை மேடையாகச் சொன்னார், கணினி சொன்னதை நான் கேட்கவில்லை என்று. ஆனால் அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருடம், 1980 ஜூலை 18, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்த அன்று, அதே தவான் கலாமைப் பார்த்து இன்று நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். இந்தக் கதையை எல்லோரும் தவானின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அது சரிதான். நான் இதில் வேறொன்றும் பார்க்கிறேன். தோற்ற திட்ட இயக்குநரைத் தூக்கி எறியாமல் அடுத்த ஏவலுக்கும் அவரையே வைத்திருந்தார்கள். அரசாங்கத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஒரு சின்ன ஆடிட் குறிப்புக்கே ஆளை எங்கே மாற்றுவார்கள் என்று சொல்வார்கள்.

வெற்றி பெற்ற இடத்தை விட்டுவிட்டு ஏன் பாதுகாப்புத் துறைக்கு வந்தார்?

அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா கூப்பிட்டார். ஐதராபாத்தில் இருந்த டிஆர்டிஎல் என்ற ஏவுகணை ஆய்வகம் அப்போது சோர்ந்து கிடந்தது. 1970களில் ரஷ்ய ஏவுகணை ஒன்றைப் பிரித்துப் பார்த்து அதேபோல் செய்ய ‘டெவில்’ என்று ஒரு திட்டம் நடத்தி, அதை நடுவிலேயே மூடியிருந்தார்கள். திறமையான ஆட்கள் இருந்தார்கள், கையில் கொடுக்க வேலை இல்லை. அங்கே 1982-ல் இயக்குநராகப் போனார்.

அந்த 388 கோடி கதை என்ன?

ஒருங்கிணைந்த வழிகாட்டு ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம். பெயர் வாயில் நுழையாது, ஆனால் இந்தியாவின் ஏவுகணைகளில் பலவும் இதிலிருந்து வந்தவை.

அப்போது பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன், நம் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அறிவியல் ஆலோசகர் வி.எஸ். அருணாசலம், உலோகவியல் ஆள். கலாமும் அருணாசலமும் போய், ஒன்றன்பின் ஒன்றாக ஏவுகணைகளைச் செய்யலாம், முதலில் இது, அது முடிந்ததும் அது என்று திட்டம் வைத்தார்கள். வழக்கமாக அமைச்சர்கள் இதையே பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள். வெங்கட்ராமன் தலைகீழாக, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். இருவரும் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து திட்டத்தை மாற்றி எழுதினார்கள். அமைச்சரவை 388 கோடி ரூபாய் ஒதுக்கியது. 1983 ஜூலை 27-ல் தொடங்கியது. பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்று ஐந்து.

இனி நந்திக்கு வருகிறேன். ஐந்து திட்டத்துக்கும் ஐந்து இயக்குநர்கள் வேண்டும். பிருத்விக்கு கர்னல் வி.ஜே. சுந்தரம் என்ற ராணுவ அதிகாரியைப் போட்டார். திரிசூலுக்குக் கடற்படையிலிருந்து கமாண்டர் எஸ்.ஆர். மோகன். அக்னிக்கு ஆர்.என். அகர்வால், ஆகாஷுக்கு பிரஹ்லாதா, நாகுக்கு என்.ஆர். ஐயர். முதல் இரண்டு பெயர்களைப் பாருங்கள். தரைப்படை பயன்படுத்தப் போகிற ஏவுகணைக்குத் தரைப்படைக்காரர். கடற்படைக்கு எது தேவை என்று தெரிந்தவர் கடற்படைக்காரர். செய்து முடித்த பிறகு ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்று சொல்ல முடியாதபடி, வாங்கப் போகிறவனையே சமையலறையில் நிறுத்திவிட்டார். ஆய்வகங்கள், பொதுத்துறை ஆலைகள், தனியார் பட்டறைகள், கல்லூரிகள் என்று எங்கெங்கோ வேலையைப் பிரித்துக் கொடுத்தார். இவர்களில் பலருக்கு இவர் மேலதிகாரியே கிடையாது, உத்தரவு போட முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாணவர்கள் ‘ஏவுகணை நாயகன்’ என்று கைதட்டும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். கல்யாண வீட்டில் பந்தல்காரனையும் சமையல்காரரையும் நாதஸ்வரத்தையும் ஒரே முகூர்த்தத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற பெரியப்பா ஒருவர் இருப்பாரே, அந்த வேலை.

அக்னி எத்தனை முறை தள்ளிப்போனது?

இரண்டு முறை. 1989 ஏப்ரல் 20 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரில் எல்லாம் தயார், 14 வினாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. இதைச் சரிசெய்வதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று, ஏவுகணைக்குள் இருந்த மின்கலங்கள் வேறு தீர்ந்துகொண்டே வந்தன, கைவிட்டார்கள். மே 1 அன்று மறுபடி, 10 வினாடி இருக்கும்போது நின்றது. இந்த முறை யாரும் கணினியைத் தாண்டிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். 1979 பாடம் அது. பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. கடைக்காரர் ஒருவர், விற்காத சரக்கை ‘அக்னி மாதிரி கிளம்பவே மாட்டேன் என்கிறது’ என்று திருப்பிக் கொடுப்பது போல் ஒரு கார்ட்டூன் கூட வந்தது.

மே 21 ராத்திரி பாதுகாப்பு அமைச்சர் கே.சி. பந்த், நாளை அக்னி ஜெயித்தால் என்ன வேண்டும் என்று கேட்டார். கலாம் கொஞ்சம் யோசித்து, ஐதராபாத் ஆய்வு மையத்தில் நட ஒரு லட்சம் மரக்கன்று வேண்டும் என்றார். மறுநாள் காலை 7.10-க்கு அக்னி கிளம்பியது.

‘பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர்’ என்றால் என்ன வேலை?

1992 ஜூலையிலிருந்து 1999 இறுதி வரை கலாம் இருந்த பதவி இது. பெயரைக் கேட்டால் ஏதோ அமைச்சர் கூப்பிடும்போது போய் யோசனை சொல்கிற வேலை போல இருக்கும். உண்மையில் அப்போது ஒரே ஆள் தலையில் மூன்று தொப்பி. ஒன்று ஆலோசகர். இரண்டாவது, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் செயலாளர், அதாவது ஐஏஎஸ் செயலாளர்களுக்குச் சமமான பதவி, பட்ஜெட்டுக்கும் நாடாளுமன்றக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர். மூன்றாவது, ஐம்பது ஆய்வகங்களைக் கொண்ட டிஆர்டிஓவின் தலைவர். 2015-ல் ஆலோசகர் பதவியை மட்டும் தனியாகப் பிரித்து வேறொருவரிடம் கொடுத்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ராணுவம் வெளிநாட்டிலிருந்து ஒரு பீரங்கியை வாங்கலாமா, இல்லை உள்நாட்டில் செய்யலாமா என்று அமைச்சர் கேட்கிறார். ஆலோசகர் நடுநிலையாகச் சொல்ல வேண்டும். ஆனால் உள்நாட்டில் செய்யப் போவது அவருடைய ஆய்வகமே. பரீட்சை எழுதுகிறவனே திருத்துகிறவனும். கலாம் நேர்மையானவர், அது வேறு விஷயம். நாற்காலியின் அமைப்பே கோணல் என்றுதான் சொல்கிறேன்.

அந்த ஏழு வருடத்தில் அவர் வடிவமைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்க நேரமே இருந்திருக்காது. ராணுவத் தளவாடங்களில் உள்நாட்டுப் பங்கை 30 சதவீதத்திலிருந்து 2005-க்குள் 70 சதவீதமாக்க வேண்டும் என்று ஒரு குழு அறிக்கை கொடுத்தார். அது நடக்கவில்லை. 1998 பிப்ரவரியில் ரஷ்யாவுடன் பிரம்மோஸ் ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது நடந்தது, சிவதாணு பிள்ளை தலைமையில் 2001 ஜூன் 12-ல் முதல் சோதனையும் முடிந்தது.

அணுகுண்டு செய்தது அவரா?

இல்லை, ஆனால் அந்த இடத்தில் இருந்தார். அணு சாதனத்தை வடிவமைத்தது பாபா அணு ஆராய்ச்சி மையம். அணுசக்தி ஆணையத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஆர். சிதம்பரம், சென்னையில் பிறந்தவர். அதை ஆயுதமாக்கும் பகுதி, வெடிக்கத் தூண்டும் அமைப்புகள் போன்றவை டிஆர்டிஓவின் பங்கு. 1998 மே 11 அன்று மூன்று, 13 அன்று இரண்டு வெடிப்புகள். 1995-ல் ஒருமுறை, சோதனை நடக்கும் ராஜஸ்தானின் பொக்ரானில் ஏற்பாடு நடந்தபோது அமெரிக்க செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. அதனால் இந்த முறை வேலையெல்லாம் பெரும்பாலும் ராத்திரியில், விஞ்ஞானிகள் ராணுவ உடையில். கலாமுக்கு ‘மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்’ என்று பெயர். அந்தத் தலைமுடியோடு எந்த ராணுவம் ஒரு ஜெனரலை வைத்திருக்கும் என்று செயற்கைக்கோள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

அந்த வெடிப்புகளில் ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த அளவு வெடிக்கவில்லை என்று, அந்தத் திட்டத்தில் டிஆர்டிஓ தரப்பில் இருந்த கே. சந்தானமே 2009-ல் வெளிப்படையாகச் சொன்னார். கலாமும் சிதம்பரமும் மறுத்தார்கள்.

டிஆர்டிஓ எதையுமே நேரத்துக்கு முடிக்காது என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை. அர்ஜுன் டாங்க் திட்டத்துக்கு 1974-ல் அனுமதி. நம் ஆவடியில்தான் வடிவமைத்தார்கள். படைக்குப் போய்ச் சேர்ந்தது 2004-ல். இலகு ரக போர் விமானம் தேஜஸ் 1983-ல் அனுமதி, 2001 ஜனவரி 4-ல் முதல் பறப்பு, முதல் படைப்பிரிவு 2016-ல். அந்தப் படைப்பிரிவு 2018-ல் கோவை சூலூருக்கு வந்தது. கலாமின் ஐந்து ஏவுகணைகளிலேயே பிருத்வியும் அக்னியும் நன்றாக வந்தன, ஆகாஷ் தாமதமாக ஆனாலும் வந்தது, திரிசூல் கைவிடப்பட்டது, நாக் பல பத்தாண்டு இழுத்தது.

காரணம் சோம்பேறித்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சில இடங்களில் அதுவும் உண்டு. ஆனால் நடுவில் படை கேட்கிற அளவுகோல் மாறும். வெளிநாடு ஒரு சின்னப் பொருளைத் தர மறுக்கும். 1987-ல் ஏவுகணைத் தொழில்நுட்பத்தைப் பகிர்வதில்லை என்று மேற்கு நாடுகள் கூட்டாக முடிவெடுத்தன. 1998 அணுகுண்டு சோதனைக்குப் பின் தடை வந்தபோது, அமெரிக்காவில் தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு வேலையில் இருந்த நம் இன்ஜினியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இன்ஜினை மட்டும் எப்படியாவது வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இன்றுவரை நம்மை விடவில்லை. எனக்குக் கோபம் வருவது வேறொன்றில்: முதல் நாளே கொடுக்கிற தேதிகளில். அனுமதி வாங்க வேண்டும் என்பதற்காக ‘ஏழு வருடத்தில் முடியும்’ என்று எழுதுவது. எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

இன்று ஒரு இன்ஜினியர் உள்ளே போய் மேலே வர எவ்வளவு காலம் ஆகும்?

பி.இ. முடித்து கேட் தேர்வு எழுதி, நேர்முகத் தேர்வில் தேறினால் ‘சயின்டிஸ்ட் பி’. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப் படி எல்லாம் வரும். பி-யிலிருந்து சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று ஏணி. எச்-சில் அடிப்படை 1,82,200. அதற்கு மேலே டிஸ்டிங்விஷ்ட் சயின்டிஸ்ட், உச்சியில் செயலாளர், 2,25,000.

பெரும்பாலான அரசு வேலைகளில் மேலே இடம் காலியானால்தான் பதவி உயர்வு. இங்கே அப்படி இல்லை. குறிப்பிட்ட வருடம் முடிந்ததும் உங்கள் வேலையைச் சொல்லி ஒரு குழு முன்னால் உட்கார வேண்டும், தேறினால் அதே நாற்காலியில் பதவி மட்டும் உயரும். ஜி வரை போக இருபது வருடத்துக்கு மேல் பிடிக்கும். எச்-சுக்கு மேலே தகுதியோடு நேரமும் கூடி வர வேண்டும், ஓய்வு வயது 60 என்பது துரத்திக்கொண்டே வரும். கலாம் அறிவியல் ஆலோசகர் ஆனபோதே 60-ஐத் தாண்டியிருந்தார், அவருக்குப் பணி நீட்டிப்பு கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்காது.

பெண்கள் மேலே வந்திருக்கிறார்களா?

டெசி தாமஸ். கேரளத்தின் ஆலப்புழைக்காரர். இந்தியாவில் ஒரு ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை வகித்த முதல் பெண், அக்னி-4 அவருடையது. 2018-ல் விமானவியல் பிரிவின் தலைமை இயக்குநரும் ஆனார். அவரைப் போல் இன்னும் பத்துப் பெயர் அடுக்க முடிந்தால் இந்தக் கேள்வியே வராது.

வெளிநாடுகளிலும் இப்படித்தானா?

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே ஆட்கள் கம்பெனிக்கும் அரசுக்கும் மாறி மாறிப் போவார்கள். வில்லியம் பெர்ரி கணிதம் படித்தவர், 1964-ல் சொந்தமாக ஒரு மின்னணு நிறுவனம் ஆரம்பித்தார், 1977-ல் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்று ரேடாரில் சிக்காத விமானத்துக்கு வழி செய்தார், 1981-ல் வெளியே போனார், 1993-ல் துணை அமைச்சராகத் திரும்பி வந்து, 1994-ல் பாதுகாப்பு அமைச்சராகவே ஆனார். கம்பெனியின் வேகம் அரசுக்கு வரும் என்பது லாபம். நேற்று விற்றவர் இன்று வாங்கும் இடத்தில் உட்காருகிறாரே என்ற சந்தேகமும் கூடவே வரும். நம் ஊரில் இளமையில் சேர்ந்தவர் ஓய்வு வரை அங்கேயே. ஓய்வுக்குப் பிறகும், ஒரு வருடத்துக்குள் தனியாரில் சேர வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும்.

செய்கிற வேலையை வெளியே சொல்லவே கூடாதா?

வாசலிலேயே தெரிந்துவிடும். பல வருடம் முன்பு ஒரு கருத்தரங்குக்காக ஒரு பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போனேன். போனை வாங்கி மரப்பெட்டியில் வைத்து ஒரு பித்தளை டோக்கன் கொடுத்தார்கள், பென் டிரைவையும் வாங்கிக்கொண்டார்கள். நான் பேச வேண்டிய படங்கள் அத்தனையும் அந்த பென் டிரைவில். கரும்பலகையில் சாக்பீஸ் வைத்துப் பேசிவிட்டு வந்தேன். உள்ளே இருப்பவர்களுக்கு இது தினசரி. கட்டுரை வெளியிட அனுமதி, வெளிநாடு போக அனுமதி, பத்திரிகையில் பேச அனுமதி. ஊழல், மனித உரிமை சம்பந்தப்பட்டவை தவிர, தகவல் உரிமைச் சட்டத்திலும் டிஆர்டிஓவுக்கு விலக்கு உண்டு.

இதனால் ஒரு நஷ்டம், நல்ல வேலை செய்தவர் பெயர் கூட வெளியே தெரியாது. எப்போதாவது ஒன்று வெளியே கசியும். அக்னியின் வெப்பக் கவச ஆய்வில் கற்ற இலகுவான கலவைப் பொருளை வைத்து, போலியோ பாதித்த குழந்தைகளுக்கு ஐதராபாத்தில் கால் தாங்கி செய்தார்கள். மூன்று கிலோவுக்கு மேல் இரும்பைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு, சில நூறு கிராம். தான் செய்ததிலேயே மனநிறைவு தந்தது இதுதான் என்று கலாம் பல மேடைகளில் சொன்னார்.

என் மகள் கடைசி வருடம் மெக்கானிக்கல் படிக்கிறாள், இந்த வேலைக்கு முயற்சி செய்யட்டுமா?

செய்யட்டும், ஆனால் கொஞ்சம் தெரிந்துகொண்டு செய்யட்டும். தமிழ்நாட்டில் ஆவடியை விட்டால் வாய்ப்பு குறைவு, ஐதராபாத், பெங்களூரு, புனே, டெல்லி, டேராடூன் என்று எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். வெளியூர் போக முடியாது என்றால் பாதுகாப்புத் துறைக்குப் பொருள் செய்து கொடுக்கிற தனியார் நிறுவனங்கள் இப்போது கோவை, ஓசூர், சேலம், திருச்சி பக்கம் வந்துகொண்டிருக்கின்றன, அதையும் பார்க்கலாம். ஐடி வேலையில் தோழி வாங்குகிற சம்பளத்தோடு ஒப்பிட ஆரம்பித்தால் இரண்டாவது வருடமே மனம் நொந்துபோகும். செய்கிற பொருள் களத்துக்குப் போவதைப் பார்க்கப் பதினைந்து வருடம் ஆகலாம், பார்க்காமலும் போகலாம்.

சேர்ந்துவிட்டால், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது என்னம்மா வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ‘ஒரு வால்வுப்பா’ என்பாள். அதற்கு மேல் கேட்காதீர்கள், பலகாரம் எடுத்து வையுங்கள்.